பருப்பில் கருப்பு: இந்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு இந்தி எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்திதான். திருச்சியில் ஒரு பள்ளியில் 22 ஆண்டுகளாக இந்த மூன்று வகுப்புகளுக்கும் இந்தி எடுக்கிறேன். நம்மில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பள்ளி வாசலுக்குள் நுழைந்ததும் இந்திக்கு மாறுகிறவர்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். வடக்கிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் தீதிகளுக்கு, அதாவது அக்காக்களுக்கு, பக்கத்து நாற்காலிக்காரர் படித்துச் சொல்லிவிடுங்கள்.

இந்தி வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு இந்த மண்ணில் 1937-இலிருந்து நடக்கிறது. 1968 முதல் அரசுப் பள்ளிகளில் இரு மொழிகள்தான். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. நம் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்ட குழந்தைக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் பேச்சு. அதிலும் ஒரே ஒரு சங்கதி: முஹாவரே, லோகோக்தி. மரபுத்தொடரும் பழமொழியும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் வகுப்பில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. 25 முஹாவரே கொண்ட தாளைக் கொடுத்திருந்தேன். உங்களுக்கும் பழக்கமான தாள்தான். மூன்று கட்டங்கள்: முதலில் முஹாவரா, அடுத்து அர்த் என்ற அர்த்தம், கடைசியில் வாக்ய ப்ரயோக், அதாவது வாக்கியத்தில் அமைத்தல். ‘தால் மே குச் காலா ஹோனா’ என்று படித்தேன். பருப்பில் ஏதோ கருப்பாக இருக்கிறது, அதாவது சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. இரண்டாம் வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கினாள்.

“மிஸ், பருப்பில் கருப்பாக இருந்தால் அது கடுகுதானே?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, “சந்தேகம் என்று எழுதிக்கொள்” என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இன்னும் 19 பாக்கி இருந்தன. அன்று இரவு வீட்டில் சாம்பாருக்குத் தாளிக்கும்போது கடுகு வெடித்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். குழந்தை சொன்னதில் என்ன தப்பு? நம் வீட்டுப் பருப்பில் கருப்பு இல்லாத நாள் ஏது? கடுகு கிடக்கும், கருகிய மிளகாய் கிடக்கும். கருப்பு எதுவும் இல்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும், தாளிக்க மறந்துவிட்டார்களோ என்று. இந்தத் தொடரின் உயிர் சீரகமும் நெய்யும் போட்ட மஞ்சள் பருப்பில் இருக்கிறது. அதில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் கல்லோ, பூச்சியோ என்று கை நிற்கும். அந்தக் கை நிற்பதைச் சொல்லாமல் ‘சந்தேகம்’ என்ற ஒற்றைச் சொல்லை நான் எழுதிப்போட்டேன். அவளும் எழுதிக்கொண்டாள். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கினாள்.

இந்த மூன்று கட்டத் தாளை நமக்குக் கொடுத்தது யார்? சி.பி.எஸ்.இ. வாரியம் முதன்முதலில் பொதுத்தேர்வு வைப்பது பத்தாம் வகுப்பில். தொடக்க வகுப்புக்கு வினாத்தாள் எழுதுவதும் நாம், திருத்துவதும் நாம். ‘வாரியம் கேட்கிறது’ என்று பெற்றோரிடம் நாம் சொல்வது பொய். என்னுடைய பட்டியலை நான் 2009-இல் ஓர் இலக்கணக் கையேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மேலே இருக்கும் தேதியை மட்டும் மாற்றினேன். உங்கள் கணினியிலும் அப்படி ஒரு கோப்பு இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் இந்தி படித்த விதத்தைச் சொல்கிறேன். அப்பா மத்திய அரசில் எழுத்தர். தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு. மாடிப்படிதான் எங்கள் விளையாட்டு மைதானம். மேல்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி மதியம் தூங்கும் நேரத்தில் நாங்கள் படியில் குதிப்போம். கதவைத் திறந்துகொண்டு வருவார். ஒரு கை தலையில் இருக்கும், இன்னொரு கையில் செருப்பு. “ஆஸ்மான் ஸிர் பர் உடா ரக்கா ஹை!” வானத்தையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறீர்களே என்று. எனக்கு ஏழு வயது. யாரும் அர்த்தம் சொல்லவில்லை. தலையில் இருந்த கையைப் பார்த்துப் பாதி புரிந்தது, செருப்பைப் பார்த்து மீதி புரிந்தது. கீழே எங்கள் வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும்: “வீட்டை இரண்டாக்காதீர்கள்.” இரண்டும் ஒரே திட்டுதான் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. இந்திக்காரிக்கு வானம், அம்மாவுக்கு வீடு.

கோடை விடுமுறைக்குத் தஞ்சாவூர் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பினோம். தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் அம்மாவைப் பார்த்து, “பெஹன்ஜீ, ஆப் தோ ஈத் கா சாந்த் ஹோ கயீன்” என்றார். பெருநாள் பிறைபோல ஆகிவிட்டீர்களே, கண்ணிலேயே படுவதில்லையே என்று. அம்மாவுக்கு இந்தி அரைகுறை, ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வாரம் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நம் பட்டியலில் அதே தொடருக்கு என்ன போட்டிருக்கிறோம்? ‘பஹுத் தினோன் பாத் திக்காயீ தேனா’, நீண்ட நாள் கழித்துக் காணப்படுதல். அந்தத் தள்ளுவண்டிக்காரர் இப்படிச் சொல்லியிருந்தால் அம்மா பேசாமல் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வந்திருப்பாள்.

முஹாவரா என்ற சொல்லே அரபியில் பேச்சு, உரையாடல் என்ற பொருள் கொண்டது. லோகோக்தி என்றால் உலகோர் உரை. பெயரிலேயே பேச்சை வைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை நாம் வாய் திறக்காமல் எழுதிக்கொள்ளும் ஒன்றாக மாற்றிவிட்டோம்.

மாற்றியதன் விளைவைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ‘மிலான் கரோ’, பொருத்துக என்று ஒரு கேள்வி வைப்போம். ஐந்துக்கு ஐந்து வாங்கிய ஒரு பெண்ணின் தாளில் ஒவ்வொரு தொடரின் முதல் எழுத்தையும் பென்சிலால் லேசாக வட்டமிட்டிருந்ததைக் கண்டேன். எதற்கென்று கேட்டேன். ஒளிக்கத் தெரியாத குழந்தை. “இந்தப் பக்கம் ‘ந’ வந்தால் அந்தப் பக்கம் ‘ப’ மிஸ்” என்றாள். ‘நௌ தோ க்யாரஹ் ஹோனா’ என்பதன் ந, ‘பாக் ஜானா’ என்பதன் ப. ஒன்பதும் இரண்டும் பதினொன்று என்றால் ஓடிப்போவது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய அவசியத்தை என் கேள்வி அவளுக்கு உண்டாக்கவும் இல்லை. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் இன்னும் நேர்மையானவன். அதே தொடரை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னதற்கு, ‘என் கணக்கு சரி, ஒன்பதும் இரண்டும் பதினொன்று ஆனது’ என்று இந்தியில் பிழையில்லாமல் எழுதியிருந்தான். சுழியம் போட்டேன். இன்றைக்கும் அந்தச் சுழியம் என்னை உறுத்துகிறது.

வாக்ய ப்ரயோக் என்பதே பெரிய கேலிக்கூத்து. நாடெங்கும் உள்ள கையேடுகளில் ஒரு திருடன் இருக்கிறான். போலீஸைப் பார்த்ததும் அவன் நௌ தோ க்யாரஹ் ஆகிவிடுவான். நான் மாணவியாக இருந்தபோதும் ஓடினான், இப்போது நான் திருத்தும் 40 தாள்களிலும் ஓடுகிறான். சிவாஜி மகாராஜாவுக்கும் ஓய்வில்லை, ஆண்டுதோறும் முகலாயர்களின் பல்லைப் புளிக்க வைத்துக்கொண்டே, அதாவது தோற்கடித்துக்கொண்டே இருக்கிறார். குழந்தை சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினால் அதில் இலக்கணப் பிழை வரும், பிழை வந்தால் மதிப்பெண் போகும். அதனால் திருடனையே ஓடவிடுவது நல்லது என்று அதற்குத் தெரியும்.

எழுத்தும் சதி செய்கிறது. அம்மாக்கள் தேவநாகரி வரிக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘கோடே பேச்கர் சோனா’ என்று தமிழில் எழுதினால் அது குதிரையா, சவுக்கா? தமிழில் இருப்பது ஒரே ‘க’. குதிரைகளை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குவதைச் சொல்லும் தொடரை ஒரு பையன் சவுக்குகளை விற்றுவிட்டுத் தூங்குவதாக எழுதினான். யோசித்துப் பார்த்தால் அதுவும் மோசமில்லை. பழைய காலக் குதிரை வியாபாரி சரக்கு விற்கும்வரை திருட்டுப் பயத்தில் கண் மூட முடியாமல் கிடந்திருப்பான், விற்றபின் அடித்துப் போட்டாற்போலத் தூங்கியிருப்பான் என்ற கதையை அவனுக்குச் சொல்லியிருந்தால், சவுக்கு எப்படி வந்திருக்கும்?

ஒரே ஒரு முறை நான் சரியாகச் செய்ததைச் சொல்லட்டுமா? பெருமைக்கில்லை, 15 ஆண்டு தப்பாகச் செய்தபின்தான் அது வாய்த்தது. ‘தாந்த் கட்டே கர்னா’. பல்லைப் புளிக்கச் செய்தல், அதாவது எதிரியைத் தோற்கடித்தல். காந்தி மார்க்கெட்டில் அரைக் கிலோ அரைநெல்லிக்காய் வாங்கிக்கொண்டு போனேன். உப்பு இல்லாமல் ஆளுக்கு மூன்று. கடித்ததும் 34 முகமும் சுருங்கின. கண்ணை மூடிக்கொண்டார்கள், தோள் தூக்கிப் போட்டது. ஒருவன் மேசையைக் குத்தினான். “இப்போது இதைக் கடியுங்கள்” என்று ஆளுக்கொரு கைமுறுக்கு கொடுத்தேன். கடிக்க முடியவில்லை. பல் கூசுகிறது. “சண்டைக்கு வந்தவன் இப்படி ஆகிவிட்டால்?” என்று கேட்டேன். “கடிக்க முடியாது மிஸ், போய்விடுவான்” என்றான் மேசையைக் குத்தியவன். அவ்வளவுதான், பாடம் முடிந்தது. அர்த்தம் என்ற கட்டமே தேவைப்படவில்லை. மறுநாள் இடைவேளையில் ஐந்தாம் ‘பி’ பிரிவைக் கபடியில் வென்றுவிட்டு வந்து, “மிஸ், ஹம்னே உன்கே தாந்த் கட்டே கர் தியே” என்று அவனே சொன்னான். வினை தோற்கடித்தவனைப் பார்க்காமல் பல்லைப் பார்த்துப் பன்மையில் ‘தியே’ என்று முடிந்ததைக் கவனியுங்கள். எழுவாயோடு ஒட்டும் இந்த ‘நே’ உருபை நான் கரும்பலகையில் ஒரு மாதம் விளக்கியும் வராத இடம் அது. பல் கூசியதால் வந்தது. முறுக்குச் சத்தம் கேட்டு மேற்பார்வைக்கு வந்தவர் என்ன நினைத்தார் என்பது தனிக்கதை.

அது தற்செயல் இல்லை. மரபுத்தொடர் இலக்கணத்தைச் சுமந்துகொண்டு வரும் வண்டி. தமிழில் மூக்கும் காதும் அஃறிணை, அதோடு வேலை முடிந்தது. இந்தியில் மூக்கு பெண், காது ஆண், கண் பெண், பல் ஆண். மீசைகூடப் பெண்பால்தான் என்று சொன்னால் வகுப்பே உருண்டு புரண்டு சிரிக்கும். இதைத் தனி அட்டவணையாகக் கொடுத்தால் எந்தக் குழந்தைக்கு நிற்கும்? ‘மேரீ நாக் மே தம் கர் தியா’ என்று அண்ணனைப் பற்றிப் புகார் சொல்லிப் பழகிய குழந்தைக்கு மூக்கு பெண்பால் என்பது தானாகவே ஒட்டிக்கொள்ளும். நீச்சலில் நாம் பிடிக்கிறோமே ‘தம்’, அதே தம்தான் இது. மூச்சு மூக்குவரை வந்துவிட்டது என்கிறான் இந்திக்காரன். நாம் ‘உயிரை எடுக்கிறான்’ என்கிறோம்.

இந்த ‘நாம் என்ன சொல்கிறோம்’ என்ற கேள்வியை வகுப்பில் கேட்கப் பலரும் தயங்குகிறோம். இந்தி வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள்கூட உண்டு. ஆனால் இங்கே தமிழ்தான் சாவி. ‘நாச் ந ஜானே, ஆங்கன் டேடா’ என்பதற்கு அர்த்தம் எழுதிப் போட வேண்டியதில்லை. வீட்டில் பாட்டியைக் கேட்டு வா என்றால் போதும். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று மறுநாள் பத்துப் பேர் வருவார்கள். முற்றம் கூடமாக மாறியது தவிர ஓர் எழுத்து வித்தியாசமில்லை. ‘ஊண்ட் கே மூஹ் மே ஜீரா’, ஒட்டகத்தின் வாயில் ஒரு சீரகம். ஒட்டகத்தைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகள் முழித்தார்கள். ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவன்தான், “யானைப் பசிக்குச் சோளப்பொரி” என்று போட்டு உடைத்தான். கோயில் யானை தினமும் கண்ணில் படுகிற ஊர் அது. பாலைவனத்துக்காரனுக்கு ஒட்டகம், காவிரிக்கரைக்காரனுக்கு யானை. ‘பந்தர் க்யா ஜானே அத்ரக் கா ஸ்வாத்’ என்று அங்கே குரங்குக்கு இஞ்சியின் ருசி தெரியாது, இங்கே கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது. ஈத் பிறைக்கு வந்தபோது என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, தன் தாத்தா மொட்டைமாடியில் நின்று பிறை தேடுவதையும், மேகம் மூடினால் வேறு ஊரிலிருந்து செய்தி வருமா என்று காத்திருப்பதையும் சொன்னான். எவ்வளவு அரிதான, எவ்வளவு ஆசையான காட்சி அது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ‘அத்தி பூத்தாற்போல’ என்று நான் முடிச்சுப் போட்டேன்.

பாட்டியிடம் அனுப்புவதில் ஒரு சங்கடமும் உண்டு, எச்சரிக்கிறேன். ஒருத்தி ‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்’ என்று எழுதி வந்தாள். அன்று மாலை அவள் அம்மா தொலைபேசியில், “இதை யார் மிஸ் சொல்லிக் கொடுத்தது, எங்கள் அத்தையா?” என்று கேட்டார்.

எல்லா இடத்திலும் இரண்டு மொழியும் கைகோத்து வரும் என்று நினைத்துவிடக் கூடாது. முரண்டு பிடிக்கும் இடங்கள்தான் ருசியானவை. ‘ஹாத் மல்னா’ என்றால் கைகளைத் தேய்த்தல். நாம் கையைப் பிசைகிறோம். ஆனால் நாம் பிசைவது என்ன செய்வதென்று தெரியாதபோது, அவர்கள் தேய்ப்பது வாய்ப்பு போனபின் வருந்தும்போது. ‘பேட் காட்னா’ என்று அவர்கள் வயிற்றை வெட்டி மிச்சம் பிடிக்கிறார்கள். நாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறோம். வெட்டுவதற்கும் கட்டுவதற்கும் இடையில் கொஞ்சம் சாதுவானவர்கள் நாம். ‘ஆங்கேன் திக்கானா’ படுகுழி. கண்களைக் காட்டுதல் என்று நேராகப் பெயர்த்துக்கொண்ட ஒரு குழந்தை, ‘தேர்வில் என் தோழி எனக்குக் கண்ணைக் காட்டினாள், நான் விடையை எழுதிவிட்டேன்’ என்று எழுதியது. தமிழில் கண்ணைக் காட்டினால் சாடை, இந்தியில் காட்டினால் மிரட்டல். நான் இரண்டு கண்ணையும் உருட்டிக் காட்டி, பிறகு ஒரு கண்ணால் சாடை காட்டி, எது இந்தி எது தமிழ் என்று கேட்டேன். அதற்குப் பின் யாரும் தப்பாக எழுதவில்லை.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. நம் பட்டியலில் சில பழமொழிகள் இருக்கவே கூடாது.

‘தோபி கா குத்தா, ந கர் கா ந காட் கா.’ வண்ணான் வீட்டு நாய், வீட்டுக்கும் இல்லை, துறைக்கும் இல்லை. இதை நான் வகுப்பில் படித்த அன்று, கடைசி வரிசைப் பையன் ஒருவனை நோக்கி மூன்று தலைகள் திரும்பின. தெருமுனையில் அவன் அப்பாவின் இஸ்திரி வண்டி நிற்கிறது. அவன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைய மீதி 25 நிமிடமும் நான் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. ‘கஹா ராஜா போஜ், கஹா கங்கு தேலி’ இன்னொன்று. ராஜா போஜன் எங்கே, கங்கு தேலி எங்கே என்று. போஜன் 11-ஆம் நூற்றாண்டில் தார் நகரை ஆண்ட பரமார மன்னன். தேலி என்றால் எண்ணெய் ஆட்டுபவர். கங்கு தேலி என்பது காங்கேயன், தைலபன் என்ற இரண்டு அரசர்களின் பெயர் திரிந்து வந்தது என்று விளக்குவோரும் உண்டு. இருக்கலாம். ஒன்பது வயதுக் குழந்தையின் காதில் அந்த ஆராய்ச்சி விழாது. செக்கு ஆட்டுகிறவன் ராஜாவுக்கு முன் ஒன்றுமில்லை என்பது மட்டும்தான் விழும்.

‘அந்தோன் மே கானா ராஜா’ என்பதையும் எடுத்துவிடுங்கள். குருடர்களுக்கிடையே ஒற்றைக் கண்ணன் ராஜாவாம். என் வகுப்பில் ஒருவன் அதைக் கானாப் பாட்டுப் பாடுகிற ராஜா என்று நினைத்துக்கொண்டான். கேட்டபோது சிரித்தேன், பிறகு அவன் நினைத்ததே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தமிழ் ஒன்றும் யோக்கியம் இல்லை. ‘பைன்ஸ் கே ஆகே பீன் பஜானா’ என்று அவர்கள் எருமைக்கு முன் மகுடி ஊதும்போது, நாம் செவிடன் காதில் சங்கு ஊதுகிறோம். இந்த ஒன்றில் எருமைதான் மேல். அதை அப்படியே நடத்துங்கள், தமிழ் இணையைத் தேடிப் போகாதீர்கள்.

‘ஹாத் பீலே கர்னா’, பெண்ணின் கையை மஞ்சளாக்குதல், அதாவது கட்டிக்கொடுத்தல். ஐந்தாம் வகுப்புப் பட்டியலில் இதற்கு என்ன வேலை? ‘ஹோலியில் விளையாடி என் கை மஞ்சளானது’ என்று எழுதிய பெண்ணைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

சக ஆசிரியர்கள் என்னிடம் சொன்ன ஆட்சேபத்தையும் மறைக்கவில்லை. “மனப்பாடம் செய்யாமல் மொழி வருமா? நீங்களும் நானும் இந்தி பிரசார சபையின் பரிட்சைகளுக்கு உருப்போட்டுத்தானே ப்ரவீண் பரிட்சை வரை வந்தோம்?” உண்மைதான். தில்லியிலிருந்து திரும்பியபின் நானும் அந்தப் பரிட்சைகளை எழுதினேன். 1918-இல் தொடங்கிய சபை அது, எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் இந்தி வளர்ந்தது அதனால்தான். பாட்டை உருப்போடட்டும், வாய்ப்பாட்டை உருப்போடட்டும், நான் எதிரியில்லை. பாட்டை உருப்போட்டால் பாடலாம், வாய்ப்பாட்டை உருப்போட்டால் கடையில் சில்லறை எண்ணலாம். அர்த்தக் கட்டத்தை உருப்போட்டு என்ன செய்வது? ‘சந்தேகம்’ என்ற சொல்லுக்குப் பதிலாகச் சொல்ல ஒரு பருப்பு கிடைக்கிறது, அதுவும் சமைக்காத பருப்பு.

பெற்றோர் கேட்பார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். பக்கத்துப் பள்ளியில் 50, நம் பள்ளியில் எட்டா என்று கேட்கத்தான் செய்வார்கள். என்னிடமும் கேட்டார்கள். ஒருவரிடம், உங்கள் பையனை ஏதாவது ஒரு முஹாவரா சொல்லச் சொல்லுங்கள் என்றேன். போன ஆண்டு 25 படித்தவன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். பிறகு அவர் கேட்கவில்லை.

ஆம், எட்டு என்றுதான் சொன்னேன். ஓர் ஆண்டுக்கு ஒரு வகுப்புக்கு எட்டு. மூன்றாம் வகுப்பில் உடம்பு போதும். மூக்கு, காது, பல், வயிறு என்று குழந்தை தொட்டுக் காட்டக்கூடியவை. ‘நாக் கட்னா’ என்றால் மூக்கறுபடுவதுதான், ‘மூஹ் மே பானி ஆனா’ என்றால் வாயில் நீர் ஊறுவதுதான், அங்கே தமிழே பாதி வேலையைச் செய்துவிடும். ‘பேட் மே சூஹே கூத்னா’, வயிற்றில் எலி குதிப்பதை மதிய மணிக்குப் பத்து நிமிடம் முன்பு நடத்துங்கள், வேறு எப்போதும் நடத்தாதீர்கள். நான்காம் வகுப்பில் மிருகங்களும் சமையலறையும் வரட்டும். முழுப் பழமொழியை ஐந்தாம் வகுப்புவரை தள்ளிப் போடுங்கள். அதற்கு ஒரு கதை வேண்டும், கதைக்கு நேரம் வேண்டும்.

தேர்வில் என்ன கேட்பது என்பதுதான் எனக்கும் கடைசிவரை சிக்கலாக இருந்தது. இப்போது நான் செய்வது இது: ஒரு சின்ன நிகழ்ச்சியை எளிய இந்தியில் நான்கு வரி எழுதுகிறேன். தம்பி லட்டு டப்பாவை மூடிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே வருகிறான், அம்மா பார்க்கிறாள். அம்மா என்ன சொல்வாள்? எந்த முஹாவரா வந்தாலும் பொருந்தினால் முழு மதிப்பெண். பால் விகுதி தப்பினால் குறைப்பதில்லை, பக்கத்தில் திருத்தி எழுதுகிறேன். திருத்துவதற்கு நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. ஆனால் படிக்கச் சுவாரசியமாக இருக்கிறது, தாளுக்குத் தாள் வேறு வேறு அம்மா.

புதிய கல்வியாண்டுக்கான தாள்களை இந்த மாதக் கடைசிக்குள் அச்சுக்குக் கொடுப்போம். அதற்குமுன் அந்தப் பழைய கோப்பைத் திறந்து, தேதியில் கை வைக்காமல் பட்டியலில் கை வையுங்கள். என் எட்டை யாரும் நகல் எடுக்க வேண்டாம். தூத்துக்குடிக் குழந்தைக்கும் உதகைக் குழந்தைக்கும் ஒரே எட்டு எப்படிச் சரிவரும்? உங்கள் வகுப்பில் யார் வீட்டில் பிறை பார்க்கிறார்கள், யார் அப்பா இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
திருச்சி

பி.கு.: கடுகு கேட்ட பெண் இப்போது ஏழாம் வகுப்பு. போன வாரம் ஆசிரியர் அறை வாசலில் நோட்டுக்கட்டோடு வந்து நின்றாள். நாங்கள் நான்கு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டோம், மேசைக்கு அடியில் தலைமையாசிரியையின் பிறந்தநாள் கேக் இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, “மிஸ், தால் மே குச் காலா ஹை” என்றாள். போகும்போது திரும்பி, “கடுகு இல்லை” என்றும் சொன்னாள்.